பெயர் பொறித்த செம்பு: அமெரிக்க உள்நாட்டுப் போர் டோக்கன்களின் தொடக்கத் தொகுப்பு – ஒரு மதிப்பீடு

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் சில்லறைக்கு மாற்றாகப் புழங்கிய டோக்கன்களைச் சேகரிக்கத் தொடங்குவோருக்கென்று, அந்நாட்டு நாணய வணிகர் ஒருவர் அஞ்சல்வழி விற்கும் பத்து டோக்கன் தொகுப்பை 260 டாலர் கொடுத்து வாங்கினேன். தேசபக்தி டோக்கன்கள் ஆறு, வணிகர் பெயர் தாங்கிய கடை டோக்கன்கள் மூன்று, ‘வெள்ளியில் அடிக்கப்பட்ட அரிய டோக்கன்’ ஒன்று, இவற்றோடு ஒரு விளக்கத்தாள் என்பது விற்பனையாளரின் வாக்குறுதி. ஒவ்வொன்றையும் எடைபோட்டு, விட்டத்தை அளந்து, சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கடை டோக்கன்கள் மூன்றும் கொடுத்த பணத்துக்குத் தகும், மற்றவற்றில் பாதி தகும், விளக்கத்தாள் எதற்கும் தகாது.

இந்த டோக்கன்கள் ஏன் பிறந்தன என்பது தெரியாமல் இவற்றின் மதிப்பை எடைபோட முடியாது. 1861 ஏப்ரலில் தொடங்கிய போர் விரைவில் முடியாது என்பது தெளிவானதும் மக்கள் தங்கத்தைப் பதுக்கத் தொடங்கினர். அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் நியூயார்க் வங்கிகள் காகிதத்துக்குத் தங்கம் தருவதை நிறுத்தின. 1862 கோடைக்குள் வெள்ளிக் காசுகளும் கடைவீதியிலிருந்து மறைந்தன. கடைசியில், 88 விழுக்காடு செம்பும் 12 விழுக்காடு நிக்கலும் கலந்து 4.67 கிராம் எடையில் அடிக்கப்பட்டுவந்த ஒரு சென்ட் காசுகூடப் பெட்டிக்குள் போய்விட்டது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1862 ஜூலை 17 அன்று அஞ்சல்தலைகளைப் பணமாக ஏற்கச் சட்டம் செய்தது. பசை தடவிய அந்தத் துண்டுகள் வியர்வை பட்ட சட்டைப்பையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதற்கு மாற்றாக ஜான் கால்ட் என்பவர் அஞ்சல்தலையைப் பித்தளைச் சிமிழில் வைத்து, முகப்பில் மைக்கா தகடு பொருத்தி, பின்புறத்தில் விளம்பரம் பொறித்து விற்கும் முறைக்கு 1862 ஆகஸ்டில் காப்புரிமை பெற்றார். அரசும் அதே காலத்தில் 5, 10, 25, 50 சென்ட் மதிப்பில் காகிதச் சில்லறையை வெளியிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காகிதத்தின் மிகச் சிறிய மதிப்பு 5 சென்ட். அதற்குக் கீழே, ஒரு சென்டுக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசிடம் விடையில்லை. அந்த இடைவெளியைத்தான் மதுக்கடைக்காரரும் ரொட்டிக் கடைக்காரரும் மளிகைக்காரரும் தங்கள் சொந்தச் செம்பால் நிரப்பினார்கள். 1862இன் பிற்பகுதி முதல் 1864 வரை இப்படி ஏறத்தாழ 2.5 கோடி டோக்கன்கள் வெளிவந்திருக்கலாம் என்பது சேகரிப்பாளர்களிடையே வழங்கும் மதிப்பீடு.

சட்டத்தின் கண்ணில் இவை செல்லாக் காசுகள். கடைவீதியில் செல்லுபடியானவை. இந்த முரண்பாடே இத்துறைக்கு என்னை இழுத்தது.

தொகுப்பின் தேசபக்தி டோக்கன்களிலிருந்து தொடங்குகிறேன். இவற்றில் வணிகர் பெயர் இராது. கொடி, கப்பல், தலைவர்களின் முழக்கம் ஆகியவையே இருக்கும். முதலாவது, டிக்ஸ் டோக்கன். கருவூலச் செயலராக இருந்த ஜான் டிக்ஸ், 1861 ஜனவரி 29 அன்று, அமெரிக்கக் கொடியை எவரேனும் இறக்க முயன்றால் அந்த இடத்திலேயே சுட்டுவிடுங்கள் என்று தந்தி அடித்தார். அந்த வரியைச் சற்றே மாற்றி, ‘இறக்க’ என்ற இடத்தில் ‘கிழித்தெறிய’ என்று பொறித்து 1863 தேதியிட்ட டோக்கன்கள் பல அச்சுகளில் வந்தன. ‘இடம்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிட்ட அச்சும் அவற்றுள் உண்டு. எனக்கு வந்தது எழுத்துப்பிழை இல்லாதது. எழுத்துகள் கூர்மையாக இருக்கின்றன, செம்பு அதன் இயல்பான பழுப்பில் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது, போர்க்கப்பலின் படம் தாங்கிய ‘நமது சின்ன மானிட்டர்’. தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த தேசபக்தி டோக்கன் இதுதான். மானிட்டர் என்னும் இரும்புக் கவசக் கப்பல் 1862 மார்ச் 9 அன்று ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பில் பிரிந்துபோன தென்மாநிலத்தவரின் வர்ஜீனியா கப்பலோடு மோதியது. அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ஹட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மூழ்கியது. டோக்கனில் பொறித்திருக்கும் ஆண்டோ 1863. கடலின் அடியில் கிடந்த கப்பல் கடைக்காரரின் கல்லாப்பெட்டியில் மிதந்துகொண்டிருந்தது என்பதை விளக்கத்தாள் சொல்லவில்லை. ‘கப்பல் வடிவம், நல்ல நிலை’ என்ற இரண்டே தொடர்களோடு நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது டோக்கன் குறும்பானது. அரசின் ஒரு சென்ட் காசைப் போலவே ஒரு புறம் இறகுக் கிரீடம் தரித்த தலை, மறுபுறம் மாலைக்குள் ‘ஒரு சென்ட்’ என்ற சொற்கள். ஆனால் அதற்கு மேலே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் மட்டுமே தெரியும் அளவில், ‘அல்ல’ என்று பொருள்தரும் ஒரு சொல். அவசரத்தில் சில்லறை எண்ணுபவருக்கு அது காசு. நீதிமன்றத்தில் கேட்டால் அது காசு அல்ல. இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும்படி அச்சுக்காரர் செய்த இந்த ஏற்பாட்டை நேரில் உருப்பெருக்கியால் பார்ப்பது ஒரு தனி இன்பம்.

நான்காவதும் ஐந்தாவதும் ‘தரைப்படையும் கடற்படையும்’ என்ற வாசகம் கொண்டவை. மறுபுறத்தில், அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் 1830இல் ஒரு விருந்தில் சொன்ன வாக்கின் போர்க்கால வடிவம்: கூட்டாட்சி ஒன்றியம் காக்கப்பட வேண்டும், காக்கப்படும். இந்த வகை மிகுதியாகக் கிடைப்பது. ஒரே வகையில் இரண்டை வைத்தது எண்ணிக்கையை நிரப்பும் வேலை. அதுமட்டுமல்ல, ஐந்தாவது டோக்கன் யாரோ ஒருவர் கையில் சிக்கித் தேய்க்கப்பட்டிருக்கிறது. புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கைப் போல இளஞ்சிவப்பாக மின்னுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள். 160 ஆண்டுகளில் செம்பின் மேல் படிந்த பழுப்பை ஒருமுறை தேய்த்துவிட்டால் அது திரும்பாது. சேகரிப்பாளர்கள் விலையைப் பாதியாகக் குறைக்கும் குறை இது. விளக்கத்தாளில் இதற்கு ‘பளபளப்பு மாறாத நிலை’ என்று பெயர்.

ஆறாவது டோக்கனைக் கையில் எடுத்தவுடனேயே அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது அல்ல என்று தெரிந்துவிட்டது. மற்றவை ஒரு சென்ட் அளவில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. இது 28 மில்லிமீட்டர். ‘பாதுகாப்புக்குக் கோடிகள், கப்பத்துக்கு ஒரு சென்டும் இல்லை’ என்னும் 1798ஆம் ஆண்டு முழக்கம் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. கீழே 1837 என்று தேதியும் இருந்தது. அதாவது, இது 1837இல் வங்கிகள் முடங்கிய பொருளாதார நெருக்கடியின்போது வெளிவந்த ‘கடினகால’ டோக்கன். அன்றைய பெரிய சென்டின் அளவில் அடிக்கப்பட்டது. போருக்கு 24 ஆண்டுகள் மூத்தது. நல்ல டோக்கன்தான், தனியாக விற்றால் வாங்குவேன். ஆனால் தேதியே பொறித்திருக்கும் காசை வேறொரு காலத்தின் பெயரில் விற்பதற்கு அறியாமை ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும். குழப்பம் எங்கே தொடங்கியிருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது. 1863இல் இதே முழக்கத்தைத் திருப்பிப்போட்டு, ‘ஒப்பந்தக்காரர்களுக்குக் கோடிகள், விதவைகளுக்கு ஒரு சென்டும் இல்லை’ என்று பொறித்த ஒரு டோக்கன் வந்தது. போர்க்காலத்தில் கொழுத்தவர்களைச் சுட்ட அந்த வரி இத்துறையில் புகழ்பெற்றது. விற்பனையாளர் அதை நினைத்துக்கொண்டு இதை எடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த 1863 டோக்கன் வந்திருந்தால் இந்த மதிப்பீட்டின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

இனி அந்த ‘வெள்ளி’ டோக்கன். வெள்ளியில் அடித்த டோக்கன்கள் உண்மையிலேயே உண்டு. அன்றைக்கே ஆர்வலர்களுக்காக மிகச் சிலவாகச் செய்யப்பட்டவை அவை. அதனால்தான் 26 டாலர் சராசரி விலையில் ஒரு வெள்ளி டோக்கன் வருவது எனக்கு ஐயத்தைத் தந்தது. சோதிப்பது எளிது. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் காற்றில் எடைபோட்டேன்: 3.20 கிராம். நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டபோது எடை 0.44 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஒப்படர்த்தி 7.3 அளவில் வருகிறது. வெள்ளி என்றால் 10க்கு மேல் வர வேண்டும், 7.3 என்பது வெள்ளீயத்தின் அடர்த்தி. ஆகவே இது வெள்ளீயம் மிகுந்த ‘வெள்ளை உலோக’ டோக்கன். வேடிக்கை என்னவென்றால், இதுவும் மதிப்பில்லாதது அல்ல. ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் அச்சுக்காரர்கள் புழக்கத்துக்குச் செம்பிலும் பித்தளையிலும் அடித்தது போக, சேகரிப்பாளர்களின் ஆசைக்காக வெள்ளை உலோகத்திலும் கொஞ்சம் அடித்தார்கள். பொதுவாக அவை செம்பு டோக்கனைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன. உண்மையைச் சொல்லி விற்றிருந்தாலே நான் மகிழ்ந்து வாங்கியிருப்பேன். இல்லாத வெள்ளியைச் சொல்லி, இருக்கும் அருமையை மறைத்துவிட்டார்.

கடை டோக்கன்கள்தான் இந்தத் தொகுப்பைக் காப்பாற்றுகின்றன.

மூன்றில் முதலாவது நியூயார்க்கின் புரோஸ் சகோதரர்களுடையது. அவர்கள் ‘பை’ என்னும் பணியாரம் சுடுபவர்கள். முகவரி: எண் 131, 41ஆம் தெரு. அவ்வளவுதான் செய்தி, ஆனால் அந்த அளவே போதும். ஒரு சென்ட் மீதிக்குப் பதில் இந்தச் செம்பை வாங்கிக்கொண்டு போனவருக்கு, இதை எங்கே திருப்பிக் கொடுத்தால் பண்டமாக மாறும் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. விளம்பர அட்டை, கடன்சீட்டு, சில்லறை ஆகிய மூன்றையும் ஒரே வில்லை செய்துமுடித்தது. தேசபக்தி டோக்கனை நம்பியவர் கொடியை நம்பினார். இதை நம்பியவர் தெருமுனை அடுப்பை நம்பினார்.

இரண்டாவது, நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் மாவு ஆலை வைத்திருந்த ஆலிவர் பூட்வெல்லின் டோக்கன். இவர் பெயரோடும் தொழிலோடும் நிற்கவில்லை; ‘என் அலுவலகத்தில் மீட்டுக்கொள்ளப்படும்’ என்ற உறுதிமொழியையும் பொறித்திருக்கிறார். அகலம் 19 மில்லிமீட்டரே உள்ள பரப்பில், வேறெதையும் விட்டுவிட்டு இந்த வாசகத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு மாவு ஆலைக்காரர் முடிவுசெய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. சட்டம் எதையும் கேட்கவில்லை; அவர் தாமாகவே வாக்குக் கொடுத்துக் கட்டுப்பட்டார்.

மூன்றாவது அதற்கு நேர்எதிர். நியூயார்க்கில் மதுக்கூடம் நடத்திய குஸ்டாவஸ் லிண்டன்முல்லரின் 1863ஆம் ஆண்டு டோக்கன். இவர் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட டோக்கன்களை வெளியிட்டதாகச் சொல்லப்படுகிறது. நகரில் குதிரை வண்டித் தடம் நடத்திய மூன்றாம் அவென்யூ ரயில்வே நிறுவனம் பயணக் கட்டணமாக இவற்றை வாங்கிக்கொண்டே வந்தது. பெருந்தொகையாகச் சேர்ந்ததும் அவற்றை மீட்டுக்கொள்ளும்படி அவரிடம் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். வழக்குத் தொடுக்கவும் வழியில்லை. அவர் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. தனியார் காசுகளுக்குத் தடை வர இதுவும் ஒரு காரணம் என்று இத்துறையில் எழுதுவோர் குறிப்பிடுவார்கள். தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை இந்த இரண்டு டோக்கன்களையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. எடை ஏறத்தாழ ஒன்று, உலோகம் ஒன்று. ஒன்றில் நாணயம் இருக்கிறது, மற்றதில் இல்லை.

தடை வந்தது எப்படி என்பதும் இந்தத் தொகுப்பைப் புரிந்துகொள்ள உதவும். நிக்கல் கலந்த கனத்த சென்டைவிட மெல்லிய டோக்கன்களை மக்கள் தயக்கமின்றி வாங்குவதை நாணயச்சாலை கவனித்தது. காசின் உலோக மதிப்பு அதில் எழுதிய மதிப்புக்கு ஈடாக இருக்க வேண்டும் என்ற பழைய கவலை தேவையற்றது என்பதைக் கடைவீதியே மெய்ப்பித்துவிட்டது. 1864 ஏப்ரல் 22ஆம் நாள் சட்டம் சென்டை 3.11 கிராம் வெண்கலக் காசாக மாற்றியது. புதிதாக இரண்டு சென்ட் காசையும் கொண்டுவந்தது. அந்த மதிப்புகளில் தனியார் காசு வெளியிடுவதைத் தடைசெய்தது. ஜூன் 8 அன்று வந்த சட்டம் பணமாகப் புழங்கும் நோக்கில் அடிக்கப்படும் தனியார் உலோகக் காசுகள் அனைத்துக்கும் கதவடைத்தது. டோக்கன்களைத் தடைசெய்த கையே டோக்கனைப் பார்த்துக் காசைத் திருத்திக்கொண்டது.

இவ்வளவு செய்தி அடங்கிய மூன்று டோக்கன்களுக்கும் விளக்கத்தாள் ஒதுக்கியிருப்பது ஒரே வரி: ‘கடை டோக்கன்கள், பலவகை, அரியவை’. இதுவே என் முதன்மையான குறை. கடை டோக்கனில் அந்தப் பெயரும் ஊரும்தான் பொருள். அவற்றைச் சொல்லாமல் விட்டால் எஞ்சுவது ஒரு துண்டுச் செம்பு. தந்தையும் மகனுமான மெல்வின் ஃபுல்ட், ஜார்ஜ் ஃபுல்ட் இருவரும் வகுத்த எண் முறை எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் பொதுவானது. தேசபக்தி டோக்கனுக்கு முகப்பு அச்சு எண்ணும் பின்பக்க அச்சு எண்ணும் சாய்கோட்டால் இணைந்து வரும். கடை டோக்கனுக்கு மாநிலத்தின் குறுக்கம், ஊரின் எண், வணிகருக்கு ஓர் எழுத்து என்று வரும். நியூயார்க் நகருக்கு 630, சின்சினாட்டிக்கு 165. இறுதியில் உலோகத்துக்கு ஓர் ஆங்கிலச் சிற்றெழுத்து: செம்புக்கு ‘ஏ’, பித்தளைக்கு ‘பி’, வெள்ளை உலோகத்துக்கு ‘இ’. பத்து டோக்கன்களுக்கும் இந்த எண்களைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அனுபவமுள்ள வணிகருக்கு அரை மணி நேர வேலை. தொடக்கநிலையாளருக்கென்று விற்கும் தொகுப்பில், அவரால் செய்ய முடியாத அந்த ஒரு வேலையைச் செய்து தராவிட்டால் வேறு எதற்காக இந்த விலை?

‘அரியவை’ என்ற சொல்லுக்கும் இத்துறையில் அளவுகோல் உண்டு. ஆர்-1 என்றால் 5,000க்கு மேல் எஞ்சியிருப்பவை. ஆர்-5 என்றால் 75 முதல் 200 வரை. ஆர்-10 என்றால் உலகில் ஒன்றே ஒன்று. விளக்கத்தாளில் இந்த எண் ஓரிடத்திலும் இல்லை. ‘அரியது’ என்ற சொல் மட்டும் ஏழு இடங்களில் இருக்கிறது. ‘தரைப்படையும் கடற்படையும்’ வகையை அரியது என்பது கடற்கரையில் மணலை அரியது என்பதற்கு ஒப்பு.

பொதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். டோக்கன்கள் மென்மையான, வளையக்கூடிய பிளாஸ்டிக் உறைகளில் வந்தன. அதன் வாடையே போதும், அது பிவிசி என்று தெரிந்துகொள்ள. காலப்போக்கில் அது கசியவிடும் பொருள் செம்பின் மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். செம்பின் களிம்பையே பெரும் எதிரியாகக் கருதும் சேகரிப்பில், களிம்புக்கு வழிசெய்யும் உறையில் வைத்து அனுப்புவது எந்த வகையில் சேர்த்தி என்று புரியவில்லை. வந்த அன்றே எல்லாவற்றையும் தூய அசிட்டோனில் சிறிது நேரம் இட்டு, தேய்க்காமல் உலரவிட்டு, மைலார் என்னும் பாலியெஸ்டர் தாளால் ஆன சாளரம் உள்ள அட்டைகளுக்கு மாற்றினேன். தொகுப்பை வாங்குவோர் அந்த அட்டைகளுக்கான செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளை எழுதியனுப்பியபோது விற்பனையாளர் மூன்றாம் நாளே மரியாதையாகப் பதில் அனுப்பினார். இதைப் பாராட்டத்தான் வேண்டும். 1837 டோக்கனையும் தேய்க்கப்பட்ட டோக்கனையும் திரும்பப் பெற்றுக்கொண்டு 52 டாலரைத் தந்தார். திருப்பியனுப்பிய அஞ்சல் செலவு என்னுடையதாயிற்று. வெள்ளை உலோக டோக்கனையும் திருப்பித் தரலாம் என்றார். அதன் உண்மையான இயல்பு தெரிந்தபின் அதை விட எனக்கு மனமில்லை. ஆனால் விளம்பரத்தில் ‘வெள்ளி’ என்ற சொல்லை நீக்கும்படி கேட்டதற்குப் பதில் வரவில்லை. இதை எழுதும் நாளிலும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

208 டாலருக்கு எட்டு டோக்கன்கள் என்று இப்போது கணக்கு நிற்கிறது. டிக்ஸ், மானிட்டர், ‘அல்ல’ டோக்கன், ‘தரைப்படையும் கடற்படையும்’ ஒன்று, வெள்ளை உலோகம், மூன்று வணிகர்கள் ஆகியவற்றை இந்த விலையில் வைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். அட்டவணையைப் பார்க்கவும் தராசைப் பயன்படுத்தவும் தெரிந்தவர் இந்தத் தொகுப்பைத் துணிந்து வாங்கலாம். முதன்முறையாக இத்துறைக்குள் வருபவர், அதாவது விளம்பரம் யாரை அழைக்கிறதோ அவர், இதை வாங்காமல், பெயரும் ஊரும் அட்டவணை எண்ணும் எழுதி விற்கும் வேறொருவரிடம் ஒரே ஒரு கடை டோக்கனை வாங்குவது மேல்.

எட்டு அட்டைகளிலும் எண்களை என் கையாலேயே எழுதிவிட்டேன். பூட்வெல்லின் அட்டையில் மட்டும் எண்ணுக்குக் கீழே ‘மாவு ஆலை, டிராய்’ என்றும் சேர்த்திருக்கிறேன்.